பேப்பர் ‘ப’, பஸ் ‘ப’: ஒன்றுபோல் கேட்கும் ஆங்கில மெய்யொலிகளைப் பிரித்துக் கேட்கப் பழக்குவது எப்படி?

‘பேக்’ என்று தமிழில் எழுதினால் அது என்ன வார்த்தை? தோளில் மாட்டும் பையாக இருக்கலாம், முதுகாக இருக்கலாம், சாமான்களைக் கட்டி வைப்பதாக இருக்கலாம், ரொட்டி சுடுவதாகக்கூட இருக்கலாம். ஆங்கிலத்தில் நான்கும் தனித்தனி வார்த்தைகள், தமிழ் எழுத்தில் போட்டால் நான்கும் ஒன்றுதான். தமிழ் பேசுபவர்களுக்கு ஆங்கிலம் சொல்லித்தருகிற எவரும் (வீட்டில் பிள்ளைக்குச் சொல்லித்தரும் அப்பா அம்மாவும் இதில் சேர்த்தி) மோதி நிற்கிற சிக்கலில் பாதி இந்த ஒரு வார்த்தைக்குள்ளேயே இருக்கிறது.

இதற்கு எழுத்தைக் குறை சொல்ல வேண்டியதில்லை. ‘பேப்பர்’ என்பதன் ‘ப’, ‘பஸ்’ என்பதன் ‘ப’ இரண்டு ஒலிகளும் தமிழில் இருக்கின்றன, ‘பம்பரம்’ என்று சொல்லிப் பாருங்கள், முதல் ‘ப’ வேறு, இரண்டாவது ‘ப’ வேறு. எந்த ஒலி எங்கே வரும் என்பதை அந்த எழுத்து நிற்கும் இடமே முடிவு செய்துவிடுகிறது: வார்த்தையின் தொடக்கத்திலும் இரட்டிக்கும்போதும் வல்லோசை, மெல்லினத்துக்குப் பின்னால் வந்தால் அதிர்வோடு கூடிய ஓசை. அதனால்தான் தனித்தனி எழுத்து தேவைப்படவில்லை. ஆனால் இதன் விளைவு என்னவென்றால், இரண்டையும் நம் வாய் நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தாலும் அந்த வித்தியாசத்தால் அர்த்தம் மாறும் என்று காது எதிர்பார்ப்பதில்லை. பிறகு ஆங்கிலத்தில் குண்டூசிக்கு ஒரு ‘பின்’, குப்பைக்கூடைக்கு ஒரு ‘பின்’ என்று வரும்போது அதைக் கோட்டை விட்டுவிடுகிறது.

இது தமிழருக்கு மட்டும் உள்ள குறை என்று யாரும் நினைக்க வேண்டாம். 1984இல் ஜேனட் வெர்க்கர், ரிச்சர்ட் டீஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள், ஆங்கிலம் பேசும் வீட்டுக் குழந்தைகளுக்கு இந்தியின் ‘த’, ‘ட’ ஒலிகளைப் போட்டுக் காட்டினார்கள். ஏழெட்டு மாதக் குழந்தைகள் வித்தியாசத்தைக் கண்டுபிடித்தன. ஒரு வயதை நெருங்கிய குழந்தைகளில் பெரும்பாலானவற்றுக்கு அது போய்விட்டது. நமக்குச் சர்வசாதாரணமான ‘த’வும் ‘ட’வும் அவர்களுக்கு ஒன்றாகிவிடுகின்றன. ஆக, பத்து வயதுப் பிள்ளையிடமோ முப்பது வயதுக்காரரிடமோ “நல்லா கவனிச்சுக் கேளு” என்று குரலை உயர்த்துவதில் பிரயோஜனம் இல்லை, அவர் கவனித்துத்தான் கேட்கிறார்.

மேலே போவதற்கு முன் ஒரு ஏற்பாடு. ஆங்கில எழுத்தின் பெயரைச் சொன்னாலும் ‘பி’யா ‘பி’யா என்ற அதே குழப்பம்தான் வரும் என்பதால், எல்லோருக்கும் தெரிந்த வார்த்தைகளை வைத்து ஒலிகளுக்குப் பெயர் வைத்துவிடுவோம். பேப்பர் ப, பஸ் ப. டீ ட, டாக்டரின் முதல் ட. காபி க, (சமையல்) கேஸ் க. வேன் வ, வாட்ச் வ. ஜீப் ஜ, ஜீரோ ஜ. வகுப்பிலும் இதே பெயர்களை வைத்துக்கொள்ளலாம், சின்னப் பிள்ளைகள்கூடச் சட்டென்று பிடித்துக்கொள்வார்கள்.

எதை விட்டுவிடலாம்

ஆங்கிலத்தில் 24 மெய்யொலிகள். எல்லாவற்றையும் ஜோடி போட்டுப் பாடம் நடத்தக் கிளம்பினால் நீங்களும் களைத்துவிடுவீர்கள், கற்பவரும் ஓடிவிடுவார். நிறைய பேர் முதலில் பிடிப்பது ‘தேங்க்ஸ்’ என்பதன் முதல் ஒலியைத்தான்: நாக்கைப் பல்லுக்கு நடுவே நீட்டு, காற்றை விடு என்று வாரக்கணக்கில் போகும். என்னைக் கேட்டால் அதைக் கடைசிக்குத் தள்ளிவிடலாம். நாம் அங்கே நம்முடைய ‘த’வைப் போடுகிறோம், டீ ட வர வேண்டிய இடத்தில் ‘ட’வைப் போடுகிறோம், இரண்டும் ஒன்றோடொன்று குழம்புவதே இல்லை, கேட்பவருக்கும் புரிந்துவிடுகிறது. வெவ்வேறு தாய்மொழிக்காரர்கள் ஆங்கிலத்தில் பேசும்போது எங்கே புரியாமல் போகிறது என்று ஆராய்ந்த ஜெனிஃபர் ஜென்கின்ஸ், கட்டாயம் கற்க வேண்டியவை என்று 2000இல் வெளியிட்ட பட்டியலில் இந்த ஒலியைச் சேர்க்கவில்லை. அதே பட்டியலில் வார்த்தைத் தொடக்கத்தில் வரும் மூச்சுக் காற்றும், வார்த்தை முடிவுக்கு முந்தைய உயிரொலியின் நீளமும் இருக்கின்றன. நம் வகுப்புகளில் யாரும் வாய் திறக்காத இரண்டு விஷயங்கள் அவைதான், கீழே விரிவாகப் பார்க்கலாம்.

‘ல’வும் ‘ர’வும் நமக்குப் பிரச்சினையே இல்லை. ‘ல, ள, ழ’ மூன்றையும் பிரித்தறியும் காதுக்கு அது தூசு.

காது முதலில், வாய் அப்புறம்

முதலில் ஒரு சோதனை வையுங்கள். சந்தேகமான ஒலி ஜோடி ஒவ்வொன்றுக்கும் 20 கேள்விகள் எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு கேள்வியிலும் இரண்டு வார்த்தைகளில் ஒன்றை மட்டும் ஒலிக்கவிட்டு, முதல் வார்த்தையா இரண்டாவதா என்று கற்பவரை எழுதச் சொல்லுங்கள். 20க்கு 10, 11 வந்தால் அவர் குத்துமதிப்பாகப் போட்டிருக்கிறார் என்று அர்த்தம், நாணயத்தைச் சுண்டினாலும் அதே மதிப்பெண்தான் வரும். 18க்கு மேல் வாங்குகிற ஜோடியைத் தொடவே வேண்டாம். மீதியில் எது மோசமோ அதிலிருந்து ஆரம்பியுங்கள், ஒரு நேரத்தில் ஒரு ஜோடி போதும்.

பயிற்சியை மூன்று படியாக ஏற்றலாம். இரண்டு ஒலிகளைப் போட்டு ‘ஒன்றா, வேறா’ என்று மட்டும் கேட்பது முதல் படி. மூன்றைப் போட்டு எது மாறுகிறது என்று கேட்பது அடுத்தது. ஒரே ஒரு வார்த்தையைப் போட்டு, குண்டூசிப் படம், குப்பைக்கூடைப் படம் இரண்டில் ஒன்றைக் காட்டச் சொல்வது கடைசி. உண்மையான பேச்சில் ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு வார்த்தை பக்கத்தில் நிற்காது என்பதால் அந்த மூன்றாவது படிக்கு வராமல் நிறுத்தினால் மற்ற இரண்டும் வீண். ஆங்கில எழுத்துக்கூட்டலை மட்டும் இந்தக் கட்டத்தில் கண்ணில் காட்டாதீர்கள், படம் போதும், இல்லாவிட்டால் தமிழ் அர்த்தத்தை எழுதி வையுங்கள்.

ஒவ்வொரு பதிலுக்கும் அந்த நொடியே சரி, தவறு என்று சொல்லிவிட வேண்டும். தவறென்றால் அதே ஒலியைத் திரும்பப் போட்டு, பக்கத்திலேயே மற்றதையும் போட்டுக் காட்டுங்கள். 20 கேள்வியும் முடிந்தபின் மொத்தமாகத் திருத்திக் கொடுக்கும் தாள் திருத்தும் பழக்கம் இங்கே சுத்தமாக உதவாது, எந்த ஒலியைக் கேட்டு எந்தப் பதிலைப் போட்டோம் என்பதே அதற்குள் மறந்திருக்கும்.

அப்புறம் குரல்கள். 1991இல் லோகன், லைவ்லி, பிசோனி என்ற மூவர் ஜப்பானியர்களுக்கு ஆங்கில ‘ர’, ‘ல’ வித்தியாசத்தைப் பழக்கிய ஆய்வு இந்தத் துறையில் ரொம்பப் பிரபலம். பல பேருடைய குரல்களில், வார்த்தையின் பல இடங்களில் அந்த ஒலிகளைக் கேட்கவைத்தார்கள், பலன் தெரிந்தது. பின்னால் ஒரே ஒருவர் குரலை மட்டும் வைத்துச் செய்து பார்த்தபோது, கற்றவர்கள் அந்தக் குரலில் தேறினார்களே தவிர புதிய ஆள் பேசினால் தடுமாறினார்கள். ஆகவே உங்கள் குரலை மட்டும் வைத்துப் பாடம் நடத்தாதீர்கள். இணைய அகராதிகளில் பிரிட்டிஷ், அமெரிக்க உச்சரிப்புகள் தனித்தனியாகக் கிடைக்கின்றன, எழுத்தை வாசித்துக் காட்டும் செயலிகளில் குரலை மாற்றிக்கொள்ளலாம், உறவினர், நண்பர்களிடம் குரல்பதிவு கேட்டு வாங்கலாம். உங்களுக்கே அந்த ஜோடியில் சந்தேகம் இருந்தால் இது இன்னும் நல்லது, பதிவுகளை வைத்துக்கொண்டு தாராளமாகச் சொல்லித்தரலாம்.

காது பழகினால் வாய் தானாக ஓரளவு திருந்துகிறது என்பதும் தெரிந்ததே, ஜப்பானியர்களிடமே நடந்த இன்னொரு 1997ஆம் வருட ஆய்வில் வெறும் கேட்கும் பயிற்சிக்குப் பின் அவர்கள் உச்சரிப்பும் தெளிவாகியிருந்தது. அதனால் முதல் சில வகுப்புகளில் “சொல்லு, சொல்லு” என்று விரட்டாதீர்கள். பேசாமல் கேட்கட்டும். ஒரு நாளைக்குப் பத்துப் பதினைந்து நிமிடம், அதற்கு மேல் காது மரத்துவிடும்.

தொடக்கத்தில் வரும் மூச்சு

பேப்பர் ப, டீ ட, காபி க மூன்றுக்கும் ஒரே சங்கதி. இவற்றை வல்லோசை என்றும் பஸ் ப, டாக்டர் ட, கேஸ் க மூன்றையும் தொண்டை அதிரும் ஓசை என்றும் சொல்லி, கழுத்தில் கைவைத்துப் பார்க்கச் சொல்வதுதான் வழக்கம். தப்பில்லை, ஆனால் பாதிதான் உண்மை. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகப் பேசுபவர்கள் வார்த்தைத் தொடக்கத்தில் பஸ் ப சொல்லும்போது பல நேரம் தொண்டை அவ்வளவாக அதிர்வதே இல்லை. அவர்கள் காது தேடுவது மூச்சை. உதடு திறந்த பிறகு உயிரொலி தொடங்கும்வரை வெறும் காற்று வெளியேறும் அந்தச் சிறிய இடைவெளிதான் பேப்பர் ப என்று அவர்களுக்கு அடையாளம். 1964இல் லிஸ்கர், ஆப்ராம்சன் இருவரும் பதினொரு மொழிகளில் இந்த இடைவெளியை அளந்தார்கள், அதில் தமிழும் ஒன்று. ஆங்கில ‘ப’வில் அது சுமார் 60 மில்லிசெகண்ட், தமிழ் ‘ப’வில் 12ஐ ஒட்டி. அதாவது நாம் ‘பழம்’ சொல்லும் அதே ‘ப’வை வைத்துக் குண்டூசியைச் சொன்னால் அவர்கள் காதில் குப்பைக்கூடை விழ வாய்ப்பு உண்டு. “சரியாத்தானே சொன்னேன், ஏன் புரியலை?” என்று நம்மவர்கள் குழம்புவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

இதைக் கண்ணால் காட்டிவிடலாம். மெல்லிய தாள் ஒன்றை வாய்க்கு முன்னால் நான்கு விரல் தூரத்தில் தொங்கவிடச் சொல்லுங்கள். குண்டூசி ‘பின்’ சொன்னால் தாள் துள்ள வேண்டும், குப்பைக்கூடை ‘பின்’னுக்கு அசையக்கூடாது. வராவிட்டால் ‘ப’வுக்கும் ‘இ’க்கும் நடுவே மெல்ல ஒரு ‘ஹ்’ போட்டுப் ‘ப்ஹின்’ என்று சொல்லவைத்து, பிறகு அந்த ‘ஹ்’ஐக் குறைத்துக்கொண்டே வாருங்கள். ‘ட’வுக்கும் ‘க’வுக்கும் தாள் அவ்வளவு துள்ளாது, உள்ளங்கையை வைத்தால் காற்று தெரியும். கெட்டிக்காரப் பிள்ளை ஒன்று ‘ஸ்பின்’ சொல்லிப் பார்த்துவிட்டுத் தாள் ஏன் ஆடவில்லை என்று கேட்கலாம்: ‘ஸ்’ முன்னால் வந்தால் ஆங்கிலத்திலும் அந்த மூச்சு கிடையாது, அங்கே நம்முடைய ‘ப’வே சரி.

அதிரும் ஒலியை எடுக்க வேறு எங்கும் போக வேண்டாம், நம் வார்த்தைக்குள்ளேயே இருக்கிறது. ‘கம்பு’ என்று மெதுவாகச் சொல்லி, ‘ம்’மிலேயே கொஞ்ச நேரம் நின்று, ‘ம்ம்ம்பு’ என்று முடிக்கச் சொல்லுங்கள். பிறகு ‘ம்ம்ம்’மைச் சத்தமில்லாமல் மனதுக்குள் சொல்லிவிட்டு ‘பு’வை மட்டும் வெளியே விடச் சொல்லுங்கள். பஸ் ப வந்துவிடும். ‘வண்டி’யிலிருந்து டாக்டர் ட, ‘தங்க’த்திலிருந்து கேஸ் க, ‘பஞ்சி’லிருந்து ஜீப் ஜ. எந்த உச்சரிப்பு வரைபடத்தையும்விட இது வேகமாக வேலை செய்கிறது.

முடிவில் வரும் நீளம்

முதுகு ‘பேக்’, பை ‘பேக்’ இரண்டுக்கும் முதல் ஒலி ஒன்றுதான், வித்தியாசம் கடைசியில். ஆனால் ஆங்கிலேயர்கள் சாதாரணமாகப் பேசும்போது கடைசி ஒலியைப் பாதியிலேயே விழுங்கிவிடுவார்கள், பிறகு எதை வைத்துப் பிரிக்கிறார்கள்? நடுவில் உள்ள உயிரொலியை வைத்து. முடிவில் காபி க, டீ ட, பேப்பர் ப மாதிரி வல்லோசை வந்தால் முந்தைய உயிரொலி குறுகிவிடும், அதிரும் ஓசை வந்தால் நீண்டு நிற்கும், குறுகியது நீண்டதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு. முதுகைச் சட்டென்று வெட்டினாற்போல் சொல்ல வேண்டும், பையை இழுத்துச் சொல்ல வேண்டும். மாத்திரை கணக்கு தெரிந்த நமக்கு இது கைவந்த கலையாக இருக்க வேண்டும், யாரும் சொல்லித்தராததால் இல்லை, அவ்வளவுதான்.

இங்கே தமிழ் வாய் செய்யும் ஒரு வேலையைக் கவனித்துத் தடுக்க வேண்டும். ‘பேக்கு’, ‘கப்பு’, ‘பெட்டு’ என்று கடைசியில் ஒரு சின்ன உகரம் ஒட்டிக்கொள்ளும், கூடவே மெய்யும் இரட்டித்துவிடும். இரட்டித்தால் வல்லோசைதானே நமக்கு, ஆகப் பையும் முதுகாகிவிடுகிறது. கடைசி ஒலியில் வாயை அப்படியே மூடி வைத்துக்கொள், திறக்காதே என்று சொல்லுங்கள். கப் சொல்லிவிட்டு உதடு மூடியபடியே இரண்டு வினாடி இருக்கட்டும். கையை நீட்டி இழுப்பது நீளத்துக்கு, சொடக்குப் போடுவது குறுக்கத்துக்கு என்று சைகை வைத்துக்கொண்டால் பிள்ளைகளுக்கு விளையாட்டாகவும் இருக்கும்.

இரண்டு ‘வ’

‘பல்லிதழ் இயைய வகாரம் பிறக்கும்’ என்கிறது தொல்காப்பியம். மேற்பல்லும் கீழுதடும் சேர்ந்து பிறப்பது வகாரம், நம் வாய் இன்றும் அதைத்தான் செய்கிறது, சற்றுத் தளர்வாக. வேன் வ என்பது இதையே கொஞ்சம் அழுத்திச் சொல்வது: பல் உதட்டில் பதிந்து, காற்று உரசி, உதட்டில் கூசுவது தெரிய வேண்டும். வாட்ச் வ-வில் பல்லுக்கு வேலையே இல்லை. ‘உ’ சொல்லப் போவதுபோல் உதட்டைக் குவித்து, அங்கிருந்து சட்டென்று விரிக்க வேண்டும். மேற்குத் திசையைச் சொல்ல முதலில் ‘உ… எஸ்ட்’ என்று இரண்டாகப் பிரித்து, பிறகு வேகம் கூட்டினால் தானாக வந்துவிடும். மேற்கு, உள்ளாடை இரண்டுக்கும் ‘வெஸ்ட்’. மோசமானது, செய்யுள் வரி இரண்டுக்கும் ‘வெர்ஸ்’. ஈரம், கால்நடை மருத்துவர் இரண்டுக்கும் ‘வெட்’.

இந்த ஜோடி கண்ணுக்குத் தெரியும் ஜோடி. முதலில் உங்கள் உதட்டைப் பார்த்துக்கொண்டே கேட்கட்டும், கண்ணாடியில் தன் உதட்டையும் பார்க்கட்டும். பிறகு ஒரு நோட்டால் வாயை மறைத்துக்கொண்டு சொல்லுங்கள். மறைக்காமலே முடித்துவிட்டால் அவர் படித்தது உதட்டை, கேட்டது எதுவும் இல்லை. கண்ணில் படும் உதடு, காதில் விழும் ஒலியையே மாற்றிவிடும் என்று மெக்கர்க், மெக்டொனால்ட் இருவரும் 1976இலேயே காட்டிவிட்டார்கள்.

நீட்டிப் பார், நின்றுபோகிறதா பார்

ஜீரோ ஜ-வும் ஜீப் ஜ-வும் ஒரே எழுத்தில் வருவதால் வரும் கூத்து தனி. ஒரே சோதனை போதும்: ஒலியை ஐந்து விநாடி நீட்ட முடிகிறதா? ஜீரோ ஜ நீளும், வண்டு ரீங்கரிப்பதுபோல். ஜீப் ஜ-வில் நாக்கு முதலில் மேலே ஒட்டிவிட்டுப் பிறகுதான் பிரிகிறது, நீட்டவே முடியாது. ஜீரோ ஜ வராதவர்களிடம் ‘ஸ்ஸ்ஸ்’ என்று பாம்புபோல் சீறச் சொல்லி, நாக்கை நகர்த்தாமல் தொண்டையை மட்டும் அதிரவிடச் சொல்லுங்கள். உள்ளங்கையால் காதை மூடிக்கொண்டால் அதிர்வு எப்போது வந்தது என்பது அவருக்கே தெரியும்.

இதே சோதனையை ஷூ ஷ-வுக்கும் சேர் ச-வுக்கும் போடலாம், முதலாவது நீளும், மற்றது நீளாது. சேர் ச நம் ‘பச்சை’க்குள் இருக்கிறது, சைக்கிள் ச ‘பசி’க்குள் இருக்கிறது, எடுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

ஜீரோ ஜ-வுக்கு ஒரு கூடுதல் தொல்லை, எழுத்துக்கூட்டல் அதை மறைத்துவிடும். ‘இஸ்’, ‘வாஸ்’, ‘ஹேஸ்’ மூன்றின் கடைசியிலும் இருப்பது ஜீரோ ஜ-தான். பனிக்கட்டிக்கும் கண்களுக்கும் வித்தியாசம் அந்த ஒரு ஒலியும் அதற்கு முந்தைய நீளமும்தான். ‘அட்வைஸ்’ பெயர்ச்சொல்லாக வந்தால் சைக்கிள் ச, வினையாக வந்தால் ஜீரோ ஜ, எழுத்தும் மாறும். ‘யூஸ்’ இன்னும் மோசம், எழுத்து மாறாமல் ஒலி மட்டும் மாறும்.

ஃபேன் ஃப, பேப்பர் ப ஜோடியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. குடிக்கிற காப்பிக்கும் நகல் காப்பிக்கும் வித்தியாசம் காட்டி, மேற்பல்லைக் கீழுதட்டில் வைத்து ஊதச் சொன்னால் பெரும்பாலோருக்கு அன்றைக்கே வந்துவிடும். வந்த பிறகு அடங்காது என்பதுதான் வேடிக்கை, ‘ப்ளீஸ்’ஸும் ‘ஃப்ளீஸ்’ ஆகும், ‘ஜாப்’பில்கூட ஜீரோ ஜ ஏறிக்கொள்ளும். புது ஒலி கற்ற எல்லோரும் கொஞ்ச நாள் இப்படித்தான் அள்ளித் தெளிப்பார்கள், அதைத் திட்டாமல் பழைய ஒலி வரும் வார்த்தைகளையும் பயிற்சியில் பாதிக்குப் பாதி கலந்து கொடுங்கள்.

வகுப்பில் நடத்தும்போது

இரண்டு பேரை முதுகோடு முதுகாக உட்காரவைத்து, ஒருவர் கையில் வார்த்தைப் பட்டியலும் மற்றவர் கையில் படங்களும் கொடுங்கள். இவர் சொல்ல அவர் எடுத்துக் காட்ட வேண்டும். தவறான படம் வந்தால் சொன்னவர் தப்பா கேட்டவர் தப்பா என்று ஒரு சண்டை வரும், வரட்டும், எந்தத் திருத்தத்தையும்விட அந்தச் சண்டையில்தான் அதிகம் கற்கிறார்கள்.

நீங்களே வார்த்தைகளை வாசிக்கும்போது எப்போதும் குண்டூசி முதலில், குப்பைக்கூடை அடுத்து என்று ஒரே வரிசையில் போகாதீர்கள், இரண்டாவதைக் குரல் இறக்கிச் சொல்லும் பழக்கமும் வேண்டாம், பிள்ளைகள் ஒலியை விட்டுவிட்டு ராகத்தைப் பிடித்துக்கொள்வார்கள். அளவுக்கு மீறி அழுத்திச் சொல்வதும் முதல் ஓரிரு நாள்தான். யாரும் பேச்சில் பயன்படுத்தாத அரிய வார்த்தையை ஜோடி பொருந்துகிறதே என்று இழுத்து வராதீர்கள்.

அவர் ஏதோ ஆர்வமாகச் சொல்லிக்கொண்டிருக்கும்போது நடுவில் நிறுத்தித் திருத்த வேண்டாம். குறித்து வைத்துக்கொண்டு, பேச்சு முடிந்ததும் அந்த வார்த்தையை மட்டும் எடுத்து “பையா, முதுகா?” என்று கேளுங்கள், போதும்.

ஒரு ஜோடியை முடித்துவிட்டதாக எப்போது எடுத்துக்கொள்வது? பயிற்சியில் வராத வார்த்தைகள், இதுவரை கேட்காத ஒரு குரல், இரண்டு வார இடைவெளி, இந்த மூன்றையும் சேர்த்து முதலில் வைத்த அதே மாதிரி 20 கேள்விச் சோதனை ஒன்றை வையுங்கள். 17, 18 வந்தால் அடுத்த ஜோடிக்குப் போகலாம். 13, 14 என்றால் ஜோடியை மாற்றாமல் குரல்களை மட்டும் மாற்றி இன்னொரு வாரம் ஓட்டுங்கள்.